வெள்ளையன் விட்ட பிழையும் திரவியண்ணையும்

போன கிழமை கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட நான் போன வாடகைக் கார் நின்றுவிட்டது. பாதி பற்றரியிலும் பாதி பெற்றோலிலும் ஓடுகிற யப்பான் கார். நிற்கும்போது ஒரு செருமல்கூட இல்லை. கதைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கதிரையிலேயே கண்ணயர்ந்துபோன மாதிரி அடங்கிவிட்டது. சாரதிப் பெடியன் போன் அடித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்து, "சென்சர், ஐயா" என்றான். பையிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றினான். கார் எழும்பிவிட்டது. அவனுக்குக் கை கழுவத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

கெட்டிக்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குக் குறையாகவே பட்டது. அந்தக் காரைச் செய்தவனை அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக்மாரில் திட்டாமல் திருத்தினவர் ஒருவரும் இல்லை. அதிலும் எங்கள் திரவியண்ணை இருக்கிறாரே, அவர் முதலில் திட்டி முடித்த பிறகுதான் ஸ்பனரையே கையில் எடுப்பார். அவருடைய கராச் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகின தெருவில், இருந்தது. கராச் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதேயுங்கோ. ஒரு பலாமரம், அதன் கீழே கிடுகு வேய்ந்த கொட்டில், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண். மழை பெய்தால் அந்த மண்ணிலிருந்து ஒரு மணம் வரும். பலாப்பழ மணமும் எஞ்சின் ஒயில் மணமும் கலந்த அந்த மணத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. நான் அப்போது சங்கக்கடையில் கிளாக்கராகச் சேர்ந்த புதிது. வேலை முடிந்து வரும்போது சைக்கிள் தானாகவே அங்கே திரும்பிவிடும். கார் விஷயத்தில் எனக்கு ஒரு இழவும் விளங்காது. ஒருநாள் "உந்த பிளக் வயரை ஒருக்காப் பிடி" என்றார், பிடித்தேன். அதற்குப் பிறகு கனநாளாக அவர் பிடி என்று சொன்ன எதையும் நான் பிடிக்கவில்லை. நான் போனது அவர் திட்டுவதைக் கேட்கத்தான்.

அவருக்கென்று ஒரு கறுப்புக் கார் இருந்தது, வாடகைக்கு ஓடுகிறது. இங்கிலாந்துக் கார். கொம்பனியின் பேரைச் சொல்லமாட்டேன். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆராவது இருந்தால் மனம் நோகும். பார்க்க வடிவான கார். வட்டமான முதுகு, சிவப்புத் தோல் சீற், கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற சத்தம். ஆனால் பொனற்றைத் திறந்தால் திரவியண்ணைக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிடும். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அந்த எஞ்சினுக்குப் படம் கீறின வெள்ளைக்காரன் ஏதோ அடுத்த வளவில் இருக்கிறவன் மாதிரிக் கதைக்கத் தொடங்குவார்.

"டேய், உனக்குக் கொம்மா சோறு போட்டுத்தானே வளத்தவ? அடுப்புக்குப் பக்கத்தில ஆராவது வெண்ணெய்ச் சட்டியைக் கொண்டுபோய் வைப்பினமோடா, விசரா?"

விஷயம் இதுதான். அந்த எஞ்சினில் புகை போகிற எக்சோஸ்ற் குழாய் ஒரு பக்கமாகச் சிவக்கச் சிவக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு நேர் மேலே, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபிறேற்றர். அதற்குப் பக்கத்தாலேயே பெற்றோல் வருகிற குழாய். குளிர் நாட்டில் அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வெய்யிலில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நிற்பாட்டினால், அந்தச் சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். பிறகு என்ன குத்துக்கரணம் அடித்தாலும் கார் எழும்பாது. அது தானாக ஆறும்வரைக்கும் வேலி ஓரத்தில் குந்தியிருக்கவேண்டியதுதான். சாவகச்சேரிக் கோட்டுக்கு வழக்கிற்குப் போன சனம் வழியில் இந்தக் காருக்குள் இருந்து அவிந்து, போய்ச்சேர்ந்தபோது தவணை போட்டாயிற்று என்று திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு.

திட்டி முடிந்ததும் மனிசன் யோசிக்கத் தொடங்குவார். அதைப் பார்க்கத்தான் வேணும். முதலில் நனைத்த சாக்குத் துண்டைக் குழாயில் சுற்றிப் பார்த்தார். சாக்கு அரை வழியில் காய்ந்துபோனது. பிறகு ஒருநாள் தோட்டத்தில் குலை வெட்டின வாழையைக் கண்டவர் அப்படியே நின்றார். வாழைத்தடலை, அந்தத் தண்டின் பட்டையை, உரித்து, வளைத்து, குழாயைச் சுற்றிக் கட்டினார். தடலுக்குள் இருக்கிற அந்த அறை அறையான ஈரம் லேசில் காயாது. கார் பருத்தித்துறைக்குப் போய் நின்று, திரும்ப ஒரே திருகலில் எழும்பி வந்தது. அதோடும் விடவில்லை. பெற்றோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கிற இடத்தில் சூடு ஏறுகிறது என்று கண்டுபிடித்து, முற்றின பனை வைரத்தில் மெல்லிய பலகை ஒன்று சீவி, எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, இரண்டுக்கும் நடுவில் வைத்து முடுக்கிவிட்டார். இரும்புக்கு இரும்பு தொட்டால்தானே சூடு போகும், இடையில் பனை இருந்தால் போகாது என்பது அவருடைய கணக்கு. பிறகு ஒழுங்கையால் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"வெள்ளையன்ரை காருக்கு யாழ்ப்பாணத்துப் பனை! அவன் வந்து பாத்தானெண்டால் தொப்பியைக் கழட்டோணும்!"

அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "என்ரை கையில பிழை வந்தது எண்டு ஒருத்தன் சொல்லட்டும் பாப்பம்" என்பது ஒரு நாளைக்கு ஒருக்காவாவது அவருடைய வாயில் வரும். உண்மையைச் சொன்னால், அவர் தன் பிழையை ஒத்துக்கொண்டதை அந்த ஒழுங்கையில் ஒருவரும் கேட்டதில்லை. பிழை என்று ஒன்று இருந்தால் அது வெள்ளையனுடையது. இல்லாவிட்டால் ரோட்டினுடையது.

பிறகு யுத்தத்தோடு பெற்றோல் வராத காலம் வந்தது. தடை என்றால் முழுத் தடை. ரயில் இல்லை, தண்டவாளம்கூட இல்லை, கரண்ட் இல்லை. மருந்துப் போத்தலில் ஆராவது கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தால் அதைச் சாமி அறையில் வைத்துப் பூட்டினார்கள். கார்கள் கொட்டில்களுக்குள் கிடந்து கோழி எச்சம் பட்டன. அப்போதுதான் எங்கள் ஊர் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் கார் ஓட்டத் தொடங்கினார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரிச் சும்மா பற்றாது. நல்லாகச் சூடாக்கி ஆவியாக்கி அனுப்பினால்தான் எஞ்சின் அதை ஏற்கும். முதலில் துளிப் பெற்றோலைக் காபிறேற்றரின் வாய்க்குள் விசிறி எஞ்சினை எழுப்பவேண்டும். சூடு ஏறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும்.

இப்ப பாருங்கோ விளையாட்டை. புது மாதிரிக் கார்கள், எல்லாம் திறமாகச் செய்த கார்கள், காபிறேற்றர் ஒரு பக்கமும் எக்சோஸ்ற் மறுபக்கமுமாகப் பிரித்து வைத்த கார்கள், மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டுக் கக்கின. திரவியண்ணையின் கறுப்புக் காரோ, அடுப்புக்குப் பக்கத்தில் வெண்ணெய்ச் சட்டி வைத்த அந்தக் கார், அமிர்தம் கிடைத்த மாதிரி ஓடியது. அந்தச் சூடுதானே வேண்டியது! அவர் தான் கட்டின வாழைத்தடலை அவிழ்த்தார், பனம்பலகையைக் கழற்றினார், போதாததற்கு ஒரு செப்புக் குழாயை எடுத்து எக்சோஸ்றைச் சுற்றிச் சுருள் சுருளாக வளைத்து மண்ணெண்ணெயை அதற்குள்ளால் வரப்பண்ணினார். முன்பு ஆற்றுவதற்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்து இப்போது கொதிக்கவைத்தார். வேலை முடிந்த அன்று பொனற்றைத் தடவிக்கொண்டு நின்றவர், "எனக்கெண்டுதான் இதை இப்பிடி வைச்சிருக்கிறான், பார்" என்றார். வெள்ளையனை அவர் மெச்சியது அந்த ஒருநாள்தான். அடுத்த நாள் வேறொரு ஆணியைச் சாட்டித் திரும்பத் திட்டத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காரில்தான் என் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தார். வந்தாரா வராமல் விட்டாரா என்று ஒரு கட்டத்தில் எனக்கே தெரியாமல் போயிருந்தது. அதைத்தான் சொல்லவேண்டும்.

அக்காவுக்குக் கலியாணம் இழுபட்டுக்கொண்டே போன கலியாணம். முந்தி ஒரு இடம் எல்லாம் சரிவந்து, பொம்பிளை பார்க்க வந்த வழியில் பூனை குறுக்கே போனது என்று அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அக்கா பூனையைக் கண்டால் பேசாமல் உள்ளே போய்விடுவா. இந்த இடம் கொடிகாமத்தில். மாப்பிள்ளை நல்ல மனிதர். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவ அவருடைய தகப்பனின் தமக்கை, சரசு மாமி. அந்த வீட்டில் மாமி சொன்னதுதான் சட்டம். சாதகத்தில் பொருத்தம் மத்திமம் என்று சாத்திரியார் சொல்லிவிட்டதால் மாமிக்கு அரை மனம். அக்காவை அவ பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "அந்தப் பிள்ளை" என்பா. அதுவும் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். தப்பினால் ஆடி. ஆடிக்குள் மாமியின் அரை மனமும் போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஏதாவது ஒரு சகுனப்பிழை வந்தால் சரி, முடிந்தது கதை.

பொம்பிளையின் தம்பி என்றபடியால் நான்தான் தோழன். பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டு, திரவியண்ணையின் காரில் விடியவே கொடிகாமத்துக்குப் போனேன். திரவியண்ணை அன்றைக்குக் காருக்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கியிருந்தார். எஞ்சின் எழுப்புகிற பெற்றோலை வழக்கமாக ஒரு பழைய மருந்துப் போத்தலில்தான் வைத்திருப்பார். அன்று அதையும் மாற்றியிருந்தார், அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆரோ ஜேர்மனியிலிருந்து அனுப்பி முடிந்துபோன வாசனைச் சென்ற் போத்தல், ரோசாப்பூப் படம் போட்டது, அமத்தினால் விசிறுவது. அதற்குள் பெற்றோலை ஊற்றி, முன்னால் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஏன் என்று பிறகொருநாள் கேட்டதற்கு, "கலியாணக் கார் எண்டால் எல்லாம் கலியாணமா இருக்கோணும், தம்பி. மருந்துப் போத்தலோடை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறதே?" என்றார்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளையும் நானும் பின்னால். மாமி முன்னால், மடியில் கூறைத் தட்டத்தோடு. கூறைச்சேலை, தாலி எல்லாம் அந்தத் தட்டத்தில்தான். மற்ற ஆக்கள் பின்னுக்கு உழவு மெசினில், ட்ரக்டர்ப் பெட்டிக்குள், வந்தார்கள். சாவகச்சேரி தாண்டிக் கொஞ்சத் தூரம் வர, வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அதில் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார்கள். திரவியண்ணை காரை ஓரமாக்கினார். ஆனால் எஞ்சினை நிற்பாட்டவில்லை. அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

"தம்பி, நிப்பாட்டும்" என்றா மாமி.

"அக்கா, இது ஓடட்டும். நிப்பாட்டினா பேந்து எழுப்பிற கரைச்சல்" என்றார் திரவியண்ணை.

"சாமிக்கு முன்னால உது உறுமிக்கொண்டு நிக்கிறதே? நல்ல காரியத்துக்குப் போறம். நிப்பாட்டும்."

திரவியண்ணை சென்ற் போத்தலை ஒருக்காப் பார்த்தார். அதுதான் இருக்கிறதே என்று நினைத்திருப்பார். நிற்பாட்டிவிட்டுத் தேங்காயோடு இறங்கிப் போனார்.

காருக்குள் ஒரே மண்ணெண்ணெய் மணம். மாமி திரும்பி மாப்பிள்ளையை முகர்ந்து பார்த்தா. "கலியாண மாப்பிள்ளை குப்பிலாம்பு மாதிரி மணக்குது. ஐயோ, என்ன செய்ய?" அப்போதுதான் அவவின் கண்ணில் ரோசாப்பூப் போத்தல் பட்டது. எடுத்தா. மாப்பிள்ளையின் இரண்டு தோளிலும், சால்வையிலும், தலைப்பாகையிலும் விசிறினா. பிறகு தோழனையும் விடக்கூடாது என்று எனக்கும் விசிறினா.

இதை இப்போது நான் சொன்னால், பெற்றோல் மணம் தெரியாதா என்று சிரிக்கிறார்கள். தெரியாதுதான் அப்பா! பெற்றோலைக் கண்ணால் கண்டு எத்தனை காலம். அந்த மணத்தையே ஊர் மறந்துபோயிருந்தது. எனக்கும் மூக்குக்குள் சுரீர் என்று ஒன்று ஏறியது. ஏறியதும், அட, நல்ல காரமான சென்ற் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"ஜேர்மன் சாமான்" என்றா மாமி திருப்தியாக. "எங்கடையள் மாதிரியே? சுள்ளெண்டு நிக்குது." போத்தல் முடிகிற மட்டும் விசிறினா.

திரவியண்ணை விபூதியோடு வந்தார், பொனற்றைத் திறந்தார், போத்தலைக் கேட்டார். காபிறேற்றரின் வாய்க்கு நேரே பிடித்து அமத்தினார். புஸ் என்று காற்று வந்தது. திரும்ப அமத்தினார். பிறகு போத்தலைத் தூக்கி வெய்யிலுக்குப் பிடித்துப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மெதுவாக வந்து மாப்பிள்ளையின் தோளில் மூக்கை வைத்தார். அந்த முகத்தை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

மாமிக்கு விளங்கிவிட்டது. தன் விரலையும் ஒருக்கா முகர்ந்து பார்த்தா.

அதற்குள் உழவு மெசினும் வந்து நின்றுவிட்டது. கார் எழும்பவில்லை என்று கண்டதும் மெசினில் இருந்த கிழவர் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "கோயிலடியில நிண்டது கிளம்பேல்லை எண்டால்... பிள்ளையார் மறிக்கிறார் போல கிடக்கு." பூனைக்கே நின்ற கலியாணம், பிள்ளையாரே மறித்தால் என்ன ஆகும்? வீட்டில் அக்கா சோடிச்சு இருந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில் தோழன் அழுதால் எப்படி இருக்கும்? சால்வையால் முகத்தை மூடினேன், பெற்றோல் கண்ணுக்குள் போய் இன்னும் அழுதேன்.

திரவியண்ணை மெசின் பக்கம் திரும்பினார். "ஆர் மறிக்கிறது? பிள்ளையாரோ? பிள்ளையாருக்கு வேற வேலை இல்லையோ? இது வெள்ளையன்ரை எஞ்சின், மண்ணெண்ணெய் ஆறினால் பத்தாது, அவ்வளவுதான் கதை! வாயை மூடிக்கொண்டு இருங்கோ!"

பிறகு என்னுடைய சால்வையையும் மாப்பிள்ளையின் சால்வையையும் பிடுங்கி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டிக் காபிறேற்றரின் வாயில் வைத்து அமத்திப் பிடித்தார். சால்வையில் இருக்கிற ஆவியை எஞ்சின் உறிஞ்சட்டும் என்று! என்னை ஓடிப்போய்க் கார்த் திறப்பைத் திருகி எஞ்சினை எழுப்பச் சொன்னார். எஞ்சின் ஒருக்கா இருமியது. ஒரே ஒரு இருமல். அவ்வளவுதான், மிச்சம் காற்றோடு போய்விட்டது.

அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வழக்கம்போல வெள்ளையனைத் திட்டத் தொடங்கவில்லை. எக்சோஸ்ற் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் சூட்டைத் தணிக்க எத்தனை பாடுபட்டவர், இப்போது அது இன்னும் கொஞ்சம் சுட்டால் போதும் என்று நிற்கிறார். அப்போது ரோட்டுக்கு அங்கால் உள்ள வீட்டு விறாந்தையில் ஒரு பெண் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தா. கரண்ட் இல்லாத காலம், சிரட்டைக்கரி போட்டு உடுப்புத் தேய்க்கிற பெரிய இரும்புப் பெட்டி. திரவியண்ணை அங்கே பாய்ந்தார்.

"தங்கச்சி, உதை ஒருக்காத் தாரும்!"

"ஐயோ, உடுப்பு..."

"ஒரு கலியாணத்தை மினுக்கிப்போட்டுத் தாறன், தாரும்!"

புகையப் புகைய அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர், முதலில் எங்களைத்தான் துரத்தினார். "மாப்பிள்ளையும் தோழனும் அங்கால போங்கோ! இன்னும் தூர! பத்திச்செண்டால் இரண்டு பேரும் குத்துவிளக்கு!" போத்தலையும் சால்வைகளையும் வேலிக்கு அப்பால் எறிவித்தார். பிறகு இரும்புப் பெட்டியைக் காபிறேற்றருக்குக் கீழே, செப்புச் சுருளோடு அணைத்து வைத்துச் சாக்கால் மூடினார். கொஞ்சம் பிசகியிருந்தால் கூறைத் தட்டமும் இல்லை, கார் இருந்த அடையாளமும் இல்லை. ஆனால் அந்த மனிதர் அந்த எஞ்சினின் ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கையால் தடவித் தெரிந்து வைத்திருந்தவர். செப்புச் சுருளுக்குள் மண்ணெண்ணெய் சிணுசிணுக்கிற சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துத் தூர வைத்தார்.

ஸ்ரியறிங்கில் ஏறி இருந்துகொண்டு கத்தினார்: "தள்ளுங்கோ!"

மெசினில் இருந்த சனம் குதித்து வந்து தள்ளியது. மாமியும் இறங்கினா. கூறைத் தட்டத்தை மண்ணில் வைக்கக்கூடாது. ஒருவரிடமும் கொடுக்கவும் அவவுக்கு மனமில்லை. அதை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையைக் காரின் முதுகில் வைத்து, காஞ்சிபுரச் சேலை புழுதியில் இழுபடத் தள்ளினா. பிள்ளையார் மறிக்கிறார் என்ற கிழவரும் தள்ளினார். கார் உருண்டது, குலுங்கியது, ஒரு வெடி வெடித்தது. பிறகு வெள்ளைப் புகையை ஒரு முகிலாகக் கக்கிக்கொண்டு உறுமத் தொடங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே திரவியண்ணையின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. விழ நேரமில்லை, ஓடுகிற காரில் பாய்ந்து ஏறவேண்டியிருந்தது.

வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கொக்குவிலுக்கு வந்துசேர, எங்களைப் பெற்ற ஐயா வாசலில் நின்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் முகூர்த்தத்தின் வாலைப் பிடித்து மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வேறு சால்வை மாற்றி, தலைப்பாகையையும் மாற்றி, ஓமகுண்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணவறைப் பலகையைப் போட்டு, எப்படியோ தாலி ஏறிவிட்டது. எழுப்பப் பெற்றோல் இல்லாதபடியால் திரவியண்ணை காரை நிற்பாட்டவே இல்லை. ஒழுங்கையில் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. தாலி கட்டும்போது தவிலோடு அதுவும் சேர்ந்து வாசித்தது.

சாப்பாடு நடக்கும்போதுதான் ஐயா வெடித்தார். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது. ஒழுங்கையில், எல்லோருக்கும் முன்னால்:

"கலியாணக் கார் பிடிச்சது உன்னை நம்பித்தானே? என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை நடுரோட்டில நிப்பாட்டினியே! என்ன நடந்தது?"

மாப்பிள்ளை வீட்டுச் சனம் முழுக்க நின்று பார்த்தது. திரவியண்ணை மாமி இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"என்ரை பிழைதான், அம்மான்" என்றார். "பெற்றோல் கொண்டுவர மறந்துபோனன்."

நான் என் காதையே நம்பவில்லை. வெள்ளையனில் போடவில்லை, ரோட்டில் போடவில்லை. தன் கையில் பிழை வராது என்று ஊரெல்லாம் முழங்கின மனிதர், தன் தொழிலில் ஒரு சின்னப் பெடியன்கூட விடாத பிழையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மாமியின் பேர் வெளியில் வந்தால் பழி கடைசியில் எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும். அக்கா போய் வாழவேண்டியது அந்த மாமியின் வீட்டில்.

"மறந்துபோனியோ! மனிசன் மறக்கிற சாமானோ அது! பொம்பிளை மாப்பிள்ளை போறதுக்கு நான் வேற கார் பாக்கிறன். நீ உதை நிப்பாட்டிப்போட்டுத் தள்ளிக்கொண்டு போ."

திரவியண்ணை திறப்பைத் திருகக் கையை உள்ளே விட்டார்.

"நிப்பாட்டாதையும்!"

சரசு மாமி. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, சோற்றுக் கையோடு ஒழுங்கைக்கு வந்திருந்தா. வாழ்க்கையில் ஒருவருக்கும் தலை குனியாத மனிசி. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கக்கூடியதாகத்தான் சொன்னா:

"அவர் ஒண்டும் மறக்கேல்லை. பெற்றோலைச் சென்ற் எண்டு நினைச்சு இவன் மாப்பிள்ளைக்கு அடிச்சு முடிச்சது நான். காரை நிப்பாட்டு எண்டு ஒற்றைக் காலில நிண்டதும் நான். பிள்ளையாரும் மறிக்கேல்லை, ஒருத்தரும் மறிக்கேல்லை. மறிச்ச ஆள் நான்தான்." ஐயாவின் பக்கம் திரும்பினா. "என்ரை மருமகளை நான் இந்தக் காரிலதான் கூட்டிக்கொண்டு போவன். வேற காரில ஏறமாட்டன்."

மணவறையில் இருந்த அக்காவுக்கு அது கேட்டிருக்கிறது. அவ விம்மின சத்தம் எனக்குக் கேட்டது. ஐயா உள்ளே போனார். வாழையிலை ஒன்றில் சோறும் கறியும் தானே போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து திரவியண்ணையிடம் கொடுத்தார். அவர் உறுமுகிற காரில் சாய்ந்தபடி சாப்பிட்டார். பின்னேரம் அக்காவும் அத்தானும் அதே காரில் கொடிகாமம் போனார்கள். கோயிலடியில் மாமி இறங்காமல் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டா.

பிறகு தடை எடுபட்டுப் பாதை திறந்தது, பெற்றோல் வந்தது. செப்புச் சுருளைக் கழற்ற, கறுப்புக் கார் பழைய குணத்துக்குத் திரும்பி வெய்யிலில் நிற்கத் தொடங்கியது. திரவியண்ணையும் திட்டத் தொடங்கினார். மாமி கடைசிவரை வேறு காரில் ஏறவில்லை, அது நின்றால் குடையை விரித்துக்கொண்டு ஆறும் மட்டும் வேலி ஓரத்தில் இருந்தா. இப்போது மாமி இல்லை. திரவியண்ணையும் போய்விட்டார். கராச் இருந்த இடத்தில் மேல்மாடி வீடு ஒன்று நிற்கிறது, பலாமரத்தையும் வெட்டிவிட்டார்கள். மழை பெய்தால் அந்த ஒழுங்கையில் கொங்கிறீட் மணம்தான் வருகிறது.

கார் இப்போதும் இருக்கிறது என்று ஆரோ சொல்ல, இந்த மாதம் தேடிப் போனேன். கலியாணப் படம் பிடிக்கிற ஒருவரின் வளவில், புதுப் பெயின்றோடு மினுங்கிக்கொண்டு நிற்கிறது. பொம்பிளை மாப்பிள்ளையை அதற்குள் இருத்திப் படம் பிடிப்பார்களாம். ஓடுமோ என்று கேட்டேன். "எஞ்சின் எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுது ஐயா, தேவையெண்டால் தள்ளுவம்" என்றார். பொனற்றைத் தூக்கிப் பார்த்தேன். எக்சோஸ்ற் குழாய் கொதித்த அந்த மூலையில், வைக்கோலுக்கு மேல் ஒரு கோழி அடை கிடந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. பிறகு அதன் சூடு போகாதபடி பொனற்றை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.